தேய்த்துப் போகாத கறுப்பு

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விடயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 17 வயது. அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. இரண்டு வருடமாகக் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தொட்டால் தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறதாம். நெற்றியிலும் கன்னத்திலும் பரு. ரியூசனில் யாரோ "வேர்வை மணக்குது" என்று சொன்ன நாளிலிருந்து பிள்ளை கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். தாய்க்குக் கடைச் சாமானில் நம்பிக்கை இல்லை. எல்லாம் இயற்கையாகவே மாறவேண்டும் என்று தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் கலந்து, பீர்க்கங்காய் நாரால் கிழமைக்கு நான்கு நாள் கழுத்தைத் தேய்த்துவிடுகிறார். முகத்துக்கு மஞ்சளும் கடலைமாவும், காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய். இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, அதாவது தோல் வருத்தத்தைக் கிளப்பும் சாப்பாடு, என்று ஒரு வருடமாக நிறுத்தியாயிற்று. மாமியாரோ இரத்தத்தில் அழுக்கு இருக்கிறது, பேதிக்குக் கொடு என்கிறார்.

இதற்கிடையில் மகளின் புத்தகப் பையில் பெயரோ முகவரியோ இல்லாத ஒரு வெள்ளை டப்பா அகப்பட்டிருக்கிறது. சிநேகிதி கொடுத்த கிறீம், மூன்று மாதமாகப் பூசுகிறாளாம். முகம் வெளுத்தது உண்மைதான், ஆனால் இரண்டு நாள் பூசாவிட்டால் சிவந்து எரிகிறது என்கிறார் தாய்.

அவர் கேட்பது மூன்று. சவர்க்காரம், ஷாம்பூ எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயற்கை முறையிலேயே இதை மாற்ற முடியுமா? பேதி மருந்து கொடுக்கலாமா? கிறீமை எடுத்து எறிந்துவிட்டால் போதுமா? கடிதத்தின் ஓரத்தில், வேளாண்மை செய்யும் கணவரின் காலில் வரும் சேற்றுப்புண்ணைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் கோடிட்டேன். ஒன்று, நான்காம் பக்கத்தில்: "மாதம் ஒழுங்காக வராது, இரண்டு மாதம் கழித்தும் வரும், படிப்பு யோசனையாக்கும்." மற்றது ஐந்தாம் பக்கத்தில்: "இவள் வயிற்றில் இருக்கும்போது எனக்குச் சீனி இருந்தது, பிள்ளை பிறந்ததோடு போய்விட்டது." தேசிக்காயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிக்குள்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

நேரில் பார்க்காமல் நோயின் பெயரை அடித்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் நீங்கள் விவரித்த மாதிரி, மடிப்புகளில் மட்டும் கறுப்பு, தடிப்பு, வெல்வெட் போன்ற தன்மை, தேய்த்தும் போகாதது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். பெயர் பயங்கரமாக இருக்கிறதே என்று பதறவேண்டாம். இது தொற்றாது. இந்தக் கறுப்பினால் தோலுக்கு ஆபத்தும் இல்லை. இதைத் தோலில் வந்த ஒரு தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியது உள்ளே இருக்கிற இன்சுலின்.

விளக்கம் இதுதான். நாம் சாப்பிடும் சோறும் சீனியும் செரித்துக் குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கின்றன. அதைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்புவதற்குக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருடைய உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்பது குறைந்துவிடும். அப்போது கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். இந்த நிலை வருடக்கணக்கில் போகலாம், சீனிப் பரிசோதனையும் சரியாகவே காட்டலாம். ஆனால் அளவுக்கு மீறி ஓடுகிற இன்சுலின் தோலின் கலங்களையும் போய்த் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகித் தடிக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில்தான் அது முதலில் தெரியும். சிலருக்கு அதே இடத்தில் சின்னச் சின்னச் சதை முளைகளும் வரும்.

அப்படியென்றால் நாரால் தேய்த்தால் என்ன நடக்கும்? தேய்க்கிற இடத்தில் தோல் தன்னைக் காப்பதற்காக இன்னும் தடிக்கும். மண்வெட்டி பிடிக்கிறவரின் உள்ளங்கையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அழுக்கு எடுப்பதாக நினைத்த இரண்டு வருடமும் கறுப்புக்கு எருப்போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் வருகிற தாய்மாரில் பாதிப்பேர் இதையே செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் யாராவது "ஒழுங்காகக் குளிக்கிறதில்லையா?" என்று பிள்ளையைக் கேட்டிருப்பார்கள்.

என் அறையில் ஒரு சின்ன வேலை செய்து காட்டுவதுண்டு. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் கழுத்தை ஒருமுறை மெதுவாகத் துடைப்பேன். அழுக்குப் படலம் என்றால் பஞ்சில் வந்துவிடும். இந்தக் கறுப்பு வராது. வெள்ளையாகவே இருக்கிற பஞ்சைக் கண்டு அழுத பிள்ளைகள் உண்டு. தான் அழுக்கு இல்லை என்று யாரோ முதல்தடவையாக அவர்களுக்குச் சொன்ன நாள் அது. வீட்டில் நீங்கள் செய்து பார்க்கவேண்டாம், தேய்த்துப் புண்ணான தோலில் ஸ்பிரிட் எரியும்.

இப்போது அந்த இரண்டு வரிகளுக்கு வருவோம். பூப்பெய்தி மூன்று வருடம் கடந்த பிறகும் மாதவிடாய் 35 நாளுக்கு மேல் இடைவெளி விட்டே வருவது, கூடவே பரு, கூடவே இந்தக் கறுப்பு என்றால் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று ஊரில் சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நாடியிலோ மேலுதட்டிலோ முடி கூடுதலாக வருகிறதா என்பதையும் வைத்தியர் கேட்பார். ஒரு எச்சரிக்கை: ஸ்கான் எடுத்து "கட்டி இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பூப்பெய்தி 8 வருடம் ஆகும்வரை சினைப்பை அப்படித் தெரிவது சாதாரணம். இந்த வயதில் ஸ்கானை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது என்பதுதான் 2023 இல் வந்த சர்வதேச வழிகாட்டல். மாதவிடாய்க் கணக்கும் இரத்தப் பரிசோதனையுமே முக்கியம்.

கர்ப்பகாலத்தில் சீனி வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கர்ப்பத்தில் பிறந்த பிள்ளைக்கும் அந்தப் போக்கு உண்டு. 17 வருடமாக நீங்கள் ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. ஆகவே மகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் நீங்களும் வெறுவயிற்றில் போங்கள். இரண்டு பேருக்கும் பார்க்கட்டும். வெறுவயிற்றுச் சீனி (mg/dL கணக்கில்) 100 க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை, 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் சீனி வருத்தம். மகளின் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும் என்பது வீட்டிலேயே நூல் பிடித்துப் பார்க்கக்கூடிய கணக்கு.

தேசிக்காயும் இயற்கைதான், மரமுந்திரிகை எண்ணெயும் இயற்கைதான்

"இயற்கையானது என்றால் கெடுதல் செய்யாதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நம்முடைய பக்கத்தில் மரமுந்திரிகைக் கொட்டை சுடுகிறவர்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெயும் இயற்கைதான், பட்ட இடம் பொசுங்கிவிடும். ஒரு பொருள் மரத்தில் காய்த்ததா, கடையில் வாங்கியதா என்று தோலுக்குத் தெரியாது. அது எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம், எவ்வளவு நேரம் பட்டது என்பதுதான் அதற்குத் தெரியும்.

நல்ல தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. பி.எச். கணக்கில் (7 நடு, அதற்குக் குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) 5 அளவில் இருக்கும். கிருமியை அடக்கி, ஈரப்பதனைப் பிடித்து வைப்பது இந்த மெல்லிய அமிலம்தான். தேசிக்காய்ச் சாறு 2 அளவில் இருக்கும் கடும் புளிப்பு. அப்பச்சோடா 8 க்கு மேல், எதிர்ப்பக்கம். இரண்டையும் கலந்தால் நுரைத்து வருவதைப் பார்க்கும்போது ஏதோ வேலை நடக்கிறது என்று தோன்றும். நடப்பது ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதுதான், மிஞ்சுவது தோலை உரசிவிடும்.

தேசிக்காயில் அதைவிட மோசமான ஒரு சங்கதி இருக்கிறது. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் உடம்பில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், தீப்பட்டதுபோலச் சிவந்து கொப்பளிக்கும். பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். உங்கள் மகள் பின்னேரம் மூன்று மணிக்குச் சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறாள் என்கிறீர்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேசிக்காயை மீன் பொரியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. சிலருக்கு ஒவ்வாமை வரும், பலருக்குத் துவாயில் கறை பிடிப்பதைத் தவிர வேறொன்றும் ஆகாது. பருவை அது மாற்றிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கவேண்டாம். கடைத் தூளை முகத்தில் பூசுவதானால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2020 இல் மஞ்சள் தட்டுப்பாடு வந்தபோது அரிசிமா கலந்து விற்றதை நாமெல்லாம் பார்த்தோம்தானே.

தேங்காய் எண்ணெயைத்தான் நான் உடனே நிறுத்தச் சொல்வேன், முகத்தில் மட்டும். காய்ந்த காலுக்கும் கைக்கும் குளித்தவுடன் ஈரத்தோடு பூச அதைப்போல மலிவான நல்ல பொருள் இல்லை. ஆனால் பரு வருகிற முகத்தில் அது மயிர்த்துளைகளை அடைக்கும். தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போடுகிற பிள்ளைகளுக்கு நெற்றியோரத்திலும் பிடரியிலும் பரு வருவது இதனால்தான். எண்ணெயை இரவில் அளவாக வைத்து, ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசி, தலையணை உறையைக் கிழமைக்கு ஒருமுறையாவது மாற்றினாலே நெற்றிப் பரு பாதி அடங்கும்.

வீட்டுப் பொருள்தான் வேண்டுமென்றால் நன்றாக அரித்த பயற்றம்மாவைத் தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல், தடவிக் கழுவுங்கள். வெயிலில் எரிகிற தோலுக்குக் கற்றாழைச் சோறு இதமாக இருக்கும். மஞ்சள் நிறப் பாலை வடியவிட்டு எடுக்கவேண்டும், அது அரிக்கும். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்கலாம், மனதுக்கும் நல்லது.

பருவுக்கு மருந்து வேண்டியிருந்தால் பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீதக் களிம்பை இரவில் மெல்லியதாகப் பூசச் சொல்லி வைத்தியர் கொடுக்கக்கூடும். 10 வீதத்தைப் போலவே 2.5 வீதமும் வேலை செய்யும், எரிச்சல் குறைவு. துவாயையும் தலையணை உறையையும் அது வெளுக்கவைக்கும், ஆகவே பழையதைப் பாவியுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு கிழமை பொறுக்கவேண்டும். மூன்று நாளில் மாறும் என்று யாராவது சொன்னால் அவர் விற்கிற சாமானைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

அந்த வெள்ளை டப்பா

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தியது இதுதான். பூசினால் வெளுக்கிறது, விட்டால் எரிகிறது என்று நீங்கள் எழுதியது கடும் ஸ்டீரொயிட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த கிறீமின் நடத்தை. அது தோலை மெலிய வைக்கும், முகத்தில் சிவப்பு நரம்புகளைத் தெரிய வைக்கும், புதிய பருவையும் கிளப்பும். படர்தாமரை இருக்கும் இடத்தில் பூசினால் அரிப்பை மட்டும் அடக்கிவிட்டு உள்ளுக்குள் பரவ விடும்.

இரண்டாவது சந்தேகம் பாதரசம். வெளுக்கவைக்கும் கிறீம்களில் பாதரசம் கலப்பது உலகம் முழுவதும் உள்ள பழைய திருட்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்தது. பிறகு 2023 இல் கூடிய நாடுகள் அழகுசாதனப் பொருட்களில் பாதரசமே கூடாது என்று முடிவெடுத்தன. தடை போட்டாலும் டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கைநடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் குணம் வரவைக்கும். பூசுகிறவரோடு அது நிற்பதும் இல்லை. ஒரே துவாய், ஒரே தலையணை என்றால் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். டப்பாவில் பொருள் விபரம் இல்லாதது, தங்கம் வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருப்பது, ஏழு நாளில் வெள்ளை என்ற வாக்குறுதி எல்லாம் பாதரசத்துக்கான அடையாளங்கள்.

ஆகவே இன்றே நிறுத்தவேண்டும். நிறுத்தினால் சில கிழமைகளுக்கு முகம் சிவந்து, எரிந்து, பரு பொங்கும். அப்போது "கொஞ்சம் பூசினால் அடங்குமே" என்று தோன்றும். அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியும் மெல்லிய வசிலினும் போதும், மீதியை வைத்தியர் பார்ப்பார். மூன்று மாதம் பூசியிருப்பதால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கவேண்டும். முகம், கால் வீங்கினால் அல்லது சிறுநீர் நுரைத்தால் தவணை வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? அவளுடைய பையை நீங்கள் பார்த்தது அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை கிறீம் பூசியது திமிரால் இல்லை. வீட்டில் இரண்டு வருடமாகக் கழுத்தைத் தேய்க்கிறார்கள், ரியூசனில் மூக்கைப் பொத்துகிறார்கள், கல்யாண வீட்டில் "பிள்ளை கறுத்துப்போனாளே" என்கிறார்கள். அவள் வேறு என்ன செய்வாள்? அவளுடைய பிறவி நிறம் ஒரு நோய் இல்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. நாம் பார்க்கப்போவது கழுத்தில் வந்த தடிப்பை மட்டும்தான். வைத்தியரிடம் போகும்போது ஐந்து நிமிடம் அவளைத் தனியாகக் கதைக்க விடுங்கள்.

வேர்வை மணமும் கிணற்றடியும்

வேர்வைக்குத் தன்னில் மணம் இல்லை. பருவ வயதில் அக்குளிலும் இடுக்கிலும் ஒருவகைச் சுரப்பி புதிதாக வேலை தொடங்குகிறது. அதிலிருந்து வரும் கொழுப்புக் கலந்த வேர்வையைத் தோலில் வாழும் கிருமிகள் தின்று மணத்தை உண்டாக்குகின்றன. பயந்தாலும் வெட்கப்பட்டாலும் அந்தச் சுரப்பி கூடுதலாக வேலை செய்யும். "மணக்குது" என்ற சொல்லே மணத்தைக் கூட்டிவிடும், பாவம். இன்னொன்றும் உண்டு: சீனிக்கு நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும் வெந்தயத் தண்ணீர் கொடுப்பவர்கள் கவனியுங்கள், வெந்தயம் வேர்வையில் தன் மணத்தைக் காட்டும்.

சவர்க்காரத்தை முழுதாக விடத் தேவையில்லை, உடம்பு முழுக்கப் போடவும் தேவையில்லை. சாதாரணச் சவர்க்காரம் 9, 10 அளவில் காரமானது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றுக்கும் போடுங்கள், மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். பெண்ணுறுப்பின் உள்ளே எந்தச் சவர்க்காரமும், எந்த "இயற்கை" கழுவலும் கூடாது, வேப்பிலைத் தண்ணீரும்தான். அங்கே இயல்பாக இருக்கும் அமிலமே காவல்.

நம்முடைய ஊரில் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கிறோம். அதில் மானம் இருக்கிறது, சரி. ஆனால் மார்புக்குக் கீழும் இடுக்கிலும் கை போவதில்லை, ஈரத்துணி நெடுநேரம் ஒட்டிக்கிடக்கிறது. கிணற்றடிக்கு ஒரு கிடுகு மறைப்பாவது கட்டிக்கொடுங்கள். பிறகு, உள்ளாடை. ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியிலும் அறைக்குள்ளும் காயப்போடுகிறோம். மாரி காலத்தில் அது காய்வதே இல்லை, பூஞ்சை அதில்தான் குடியிருக்கும். கொடியில் வெயிலில் போடவேண்டும், மழை நாளில் அயன் செய்து உடுக்கவேண்டும். துவாய் ஆளுக்கொன்று. மாதவிடாய்த் துவாயை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பள்ளிக்கூடத்தில் மாற்ற இடமில்லாமல் காலையிலிருந்து பின்னேரம்வரை ஒன்றோடு இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவளிடம் கேட்டுப் பாருங்கள்.

அக்குளுக்குச் சீனாக்காரம் (படிகாரம்) வேலை செய்யும். ஈரக்கட்டியை மெதுவாகத் தடவினால் போதும், சவரம் செய்த அன்று வேண்டாம். கடையில் வாங்கும் வேர்வை தடுப்பானால் புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறீர்கள். அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இரவில், காய்ந்த தோலில் பூசினால் கூடுதலாகப் பலிக்கும். தோல் புண்ணாக இருக்கும்வரை இரண்டுமே வேண்டாம்.

கிரந்தி, பேதி, பிளேன்ரீ

இறாலையும் நண்டையும் மகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடித்து அரித்தால், உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை, அப்படியானவர்கள் தொடவே கூடாது. அவளுக்கு அப்படி எதுவும் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. இறால் பருவைக் கொண்டுவராது, கத்தரிக்காய் கழுத்தைக் கறுக்கவைக்காது. வாவிக்கரையில் இருந்துகொண்டு நல்ல மீனையும் நண்டையும் ஒரு வருடமாகத் தள்ளிவைத்திருக்கிறீர்கள், எனக்கே மனம் பொறுக்கவில்லை.

பேதி வேண்டாம். இரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இரவுபகலாக வேலை செய்கின்றன, குடலைக் கலக்கினால் உப்பும் தண்ணீரும்தான் போகும். பாதரசம் பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கிற சிறுநீரகத்துக்கு அந்த வரட்சி இன்னும் கெடுதல். மாமியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், சண்டை என்னோடு இருக்கட்டும்.

உண்மையில் கிரந்தி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் சீனிப் போத்தலைக் காட்டுவேன். இரவு ஒரு மணிவரை படிக்கிறாள், நித்திரை வராமலிருக்க ஐந்து தடவை தேநீர் குடிக்கிறாள், பின்னேரம் ஒரு பணிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலே பத்துக் கரண்டி, ஏறக்குறைய 45 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பணிஸையும் போத்தல் குளிர்பானத்தையும் இன்னும் நான் கூட்டவில்லை. இரத்தத்தில் சட்டென்று சீனி ஏறும் சாப்பாடு இன்சுலினை எழுப்பும், இன்சுலின் கழுத்தையும் எண்ணெய்ச் சுரப்பியையும் எழுப்பும். கழுத்தும் பருவும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பது இப்படித்தான்.

பட்டினி போடவேண்டாம். தேநீரில் சீனியை கிழமைக்குக் கிழமை அரைக் கரண்டி குறையுங்கள். பணிசுக்குப் பதில் அவித்த கடலையோ ஒரு பிடி கச்சானோ கொடுங்கள். பீங்கானில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், கால்வாசிக்கு மீனோ பருப்போ, மிச்சக் கால்வாசிக்குச் சோறு. குத்தரிசி நல்லது, குரக்கன் பிட்டும் நல்லது, ஆனால் குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதில்லை, அதுவும் மாச்சத்துத்தான். கட்டித் தயிரில் சீனியோ பாணியோ ஊற்றாமல் சாப்பிடப் பழக்குங்கள், நம்முடைய ஊர்த் தயிருக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் வளவுக்குள்ளாவது நடக்கட்டும். ரியூசனுக்குச் சைக்கிளில் போவதை நிறுத்திவிடாதீர்கள், குடையோ தொப்பியோ இருந்தால் சரி. பதினொரு மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். நித்திரை குறைந்தால் இன்சுலினின் வேலை இன்னும் கெடும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் மினுங்கும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதுமான தண்ணீர் குடிக்கிறாள் என்று அர்த்தம்.

எடை கூடுதலாக இருந்தால் அதில் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குவதைப் பலரில் பார்த்திருக்கிறேன். கழுத்து அதைவிட மெதுவாக, ஆறு மாதம், ஒரு வருடம் என்று வெளுக்கும். மெற்போமின் போன்ற மாத்திரை தேவையா என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு வைத்தியர் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சீனி மாத்திரையைக் கடன் வாங்கவேண்டாம்.

உங்கள் கணவரின் கால்

சுருக்கமாகச் சொல்கிறேன். வயலிலிருந்து வந்தவுடன் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவிடவேண்டும். மண்ணெண்ணெய் பூசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நிறுத்தச் சொல்லுங்கள். பூஞ்சைக்குரிய களிம்பு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும், ஆறிய பிறகும் இரண்டு கிழமை பூசவேண்டும். அதைவிட முக்கியம், வெடித்த காலோடு சேற்றில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிழமைக்கொருமுறை விழுங்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை தருவார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக உளைந்தால் அன்றே காட்டவேண்டும்.

போகும் நாளுக்கு

முதலில் உங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். தேவைப்பட்டால் அவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். காசு செலவில்லை. கடைசி ஆறு மாதத்தில் மாதவிடாய் வந்த திகதிகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், அவளே எழுதட்டும். உங்கள் கர்ப்பகாலக் கிளினிக் அட்டை பெட்டிக்குள் இன்னும் இருந்தால் அதையும் எடுங்கள்.

டப்பாவை எறியவேண்டாம். குப்பையில் போட்டால் மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும், வைத்தியருக்கும் அதைப் பார்க்கவேண்டும். இறுக்கி மூடி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, அவளையே கொண்டுவரச் சொல்லுங்கள். துவாயையும் தலையணை உறையையும் வேறாகத் துவைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். பீர்க்கங்காய் நார் சட்டிபானை கழுவ உதவும்.